பக்கத்து நாற்காலி

பட்டியல் காலை பத்து ஐம்பதுக்கு வந்தது. செயலாளர் அதை உறையோடு தச்சரின் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். தச்சருக்கு அது வேலையில் முதல் நாள்.

“பிரிச்சுப் படிங்க, மேஸ்திரி.”

ஒன்றிலிருந்து நாற்பது வரை எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே இத்தனை அடி, இத்தனை அங்குலம். பெயர் இல்லை. பணமும் இல்லை.

“பணத்தைப் பத்தி இங்க யாரும் பேசறதில்லை,” என்றார் செயலாளர். “அது அநாகரிகம். அங்குலத்தைப் பத்தித்தான் பேசுவோம்.”

மன்றத்தில் நாற்பது உறுப்பினர்கள். நாட்டில் அவர்களைவிடப் பணக்காரர்கள் கிடையாது. தினமும் மதியம் அவர்கள் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். ‘நாம் ஒரே மேசையில் உண்பவர்கள்’ என்று வாசலில் பித்தளையில் பொறித்து வைத்திருந்தார்கள். அது பொய்யில்லை. மேசை ஒன்றுதான். அதன் நீளம்தான் தினமும் மாறியது. ஓர் உறுப்பினருக்கும் அவருக்கு அடுத்தவருக்கும் சொத்தில் எவ்வளவு வித்தியாசமோ அதற்கேற்ற தூரம் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவிலும் இருக்க வேண்டும் என்பது விதி. இத்தனைக்கு ஓர் அங்குலம் என்று ஒரு கணக்கு உண்டு. எத்தனைக்கு என்பது செயலாளருக்கே தெரியாது. மேலே யாருக்கோ தெரியும் என்று அவர் நம்பினார்.

தச்சரின் வேலை, உணவு நேரத்துக்குள் மேசையில் பலகைகளைச் சேர்த்தோ எடுத்தோ, நாற்காலிகளை அளந்து வைப்பது. நியமனக் கடிதத்தில் ‘இடைவெளி அலுவலர்’ என்று போட்டிருந்தது. இருபத்தாறு வருடம் அவர் ஒரு கடையில் ஆறு பேருக்கான சாப்பாட்டு மேசைகள் செய்தவர். அங்கே இருந்தது ஒரே விதிதான். முழங்கை இடிக்கக் கூடாது.

“வெளியில ஜனங்க என்ன நினைக்கிறாங்க?” செயலாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “இவங்களுக்குப் பணத்தாசைன்னு. பாவம், இவங்களுக்குப் பணம் எதுக்கு மேஸ்திரி? வீடு இருக்கு. வீட்டுக்குள்ள இன்னொரு வீடு இருக்கு. இனிமே வாங்கறதுக்குக் கடையில ஒண்ணும் இல்லை. ஒரே ஒரு அங்குலத்துக்காக ராப்பகலா உழைக்கிறாங்க. சாப்பிட முடியாத, உடுத்த முடியாத அங்குலம். இதைவிடப் பெரிய துறவு உண்டா?”

இல்லை என்று சொல்லத் தோன்றியது. எது இல்லை என்று தெரியாததால் தச்சர் தலையை மட்டும் ஆட்டினார்.

பணியாளர்களுக்கு மூன்று விதிகள். கூடத்தில் உட்காரக் கூடாது. உறுப்பினருக்கும் உறுப்பினருக்கும் நடுவில் சேதி கொண்டுபோகக் கூடாது. அளவைத் தவிர வேறு எதைப் பற்றியும் வாயைத் திறக்கக் கூடாது.

மேசையின் கீழ்க்கோடியில் பத்துப் பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குள் சொத்து வித்தியாசம் அரை அங்குலம், கால் அங்குலம். ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்றார்கள். ஒருவன் சொன்னதற்கு இன்னொருவனுக்குப் புரையேறியது. சிரித்துக்கொண்டே, அவ்வப்போது மேல்கோடியை ஏக்கத்தோடு பார்த்தார்கள்.

“கீழ சந்தைக்கடை,” என்றார் தள்ளுவண்டியோடு வந்த சமையற்காரர். “மேல போகப் போக ஆஸ்பத்திரி. பாத்துக்கிட்டே இருங்க.”

அந்த வாரமே முப்பத்தொன்றாமவர் முப்பதாமவர் ஆனார். அவருக்கு இரு பக்கமும் மூன்றடி கிடைத்தது. முதல் நாள் கைகளை இரண்டு பக்கமும் நீட்டி எல்லோருக்கும் காட்டினார். இரண்டாம் நாள் நீட்டவில்லை. மூன்றாம் நாளிலிருந்து தட்டைப் பார்த்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

தச்சருக்கு மன்றத்தின் பின்பக்கம் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். கட்டில், ஆணி, ஆணியில் சட்டை. அவர் மனைவி ஏழு மாதமாக வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். வேலை விட்டதும் போன் செய்வாள்.

“என்னங்க, இன்னிக்கு என்ன வேலை?”

“ஒன்பதாமவரை ஏழு அங்குலம் தள்ளி வச்சேன்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“இதுக்கா சம்பளம்? நம்ம வீட்டுல நான் உங்களைத் தள்ளி வச்சு ஏழு மாசமாச்சு. எனக்கு யார் தர்றா?”

அவர் சிரித்தார். போனை வைத்த பிறகு அறை முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

முதலாமவர் மூன்றாவது கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மேசை ஒவ்வொரு வருடமும் நீண்டதில் நடுச்சுவர்களை இடித்துவிட்டிருந்தார்கள். அவருக்கும் இரண்டாமவருக்கும் நடுவில் நாற்பத்தோரு அடி. எழுபது வயதைத் தாண்டிய சிறிய மனிதர். கழுத்தில் ஒரு தூரநோக்கி தொங்கியது. கஞ்சி எப்போதும் அவரிடம் ஆறிப்போய்த்தான் வந்து சேர்ந்தது.

“எத்தனை?” என்றார். அளவைப் பற்றிய பேச்சுக்கு அனுமதி உண்டு.

“நாப்பத்தோரு அடிங்க.”

“நேத்து?”

“நாப்பதடி எட்டு அங்குலம்.”

“நாலு அங்குலம் தள்ளிப் போயிட்டான்.”

அதில் வருத்தமா பெருமையா என்று தச்சருக்குப் பிடிபடவில்லை.

“அவன் என் தம்பி,” என்றார் முதலாமவர்.

தச்சர் டேப்பின் நுனியை விட்டுவிட்டார். அது சரசரவென்று சுருண்டு வந்து விரலில் அடித்தது.

“கூடப் பிறந்தவரா?”

“ஒரே தட்டுல சாப்பிட்டவன். இந்த மேசைக்கு வந்து பதினோரு வருஷம். ஒரு வார்த்தை பேசிக்கலை.”

“ஏங்க?”

“மேல இருக்கிறவன் முதல்ல பேசினா, அவனுக்கு ஏதோ தேவைன்னு அர்த்தம். கீழ இருக்கிறவன் முதல்ல பேசினா, அவன் கெஞ்சறான்னு அர்த்தம்.” தண்ணீரைக் குடித்தார். “ஒருதரம் கொஞ்சம் உப்பை இந்தப் பக்கம் அனுப்புடான்னு வெறும் ஜாடை காட்டினேன். முதலாமவர் கைமாத்துக் கேட்டார்னு சாயங்காலத்துக்குள்ள ஊர் முழுக்கப் பரவிடுச்சு. நாலு கம்பெனி போச்சு. உப்பும் வரலை.”

“வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமே?”

“அவன் வாசல்ல என் வண்டி நின்னா ரெண்டு பேருக்கும் சந்தையில அடி விழும். போன் பண்ணினா வக்கீல் எடுக்கிறான்.” தூரநோக்கியைக் கண்ணில் வைத்தார். “மேஸ்திரி, அவன் மூணு நாளா இனிப்பைத் தொடலை. சர்க்கரை வந்திருக்குமோ? அப்பாவுக்கு இருந்தது.”

முதலாமவரும் மூன்று நாளாக இனிப்பைத் தொட்டிருக்கவில்லை. தட்டுகளை எடுக்கும்போது சமையற்காரர் தச்சரின் காதில் முணுமுணுத்தார். “இரண்டாமவர் ஏன் சாப்பிடலைன்னு தெரியுமா? அண்ணன் சாப்பிடறதில்லையாம். அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு, நாமளும் தொடக் கூடாதுன்னு சொல்றார். நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல? என் வாயைத்தான் கட்டி வச்சிருக்காங்களே.”

அன்று மாலை தச்சர் மனைவியிடம் இதைச் சொன்னார்.

“ரெண்டு கிழவங்களையும் பேச வச்சுட்டு வாங்க,” என்றாள். “மத்த வேலை கிடக்கட்டும்.”

பத்து நாள் கழித்து, பலகையின் மூட்டைச் சரிபார்க்கும் சாக்கில் தச்சர் முதலாமவரின் காலடியில் குனிந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இத்தோட போதும்னு விட்டுட்டா என்ன?”

“விட்டுட்டா நான் இங்கேயே இருப்பேன். அவன் வந்துக்கிட்டே இருப்பான்.”

“அவர் வரணும்னுதானே நீங்களும் ஆசைப்படறீங்க?”

“வரணும்.” முதலாமவர் யோசித்தார். “தாண்டக் கூடாது.”

“பக்கத்துல வந்தவர் அங்கேயே நின்னுட்டா?”

“எங்க அம்மா வயித்துல பிறந்தவன் எவனும் நிக்க மாட்டான், மேஸ்திரி. நான் நின்னேனா?” பிறகு குரலை இறக்கினார். “ஒண்ணு பண்ணுங்க. ஒரே ஒரு பலகையை எடுத்துடுங்க. அவன் குரலையாவது கேக்கறேன்.”

ஒரு பலகை என்றால் நாலடி. வேலை போகும். அறை போகும். ஆனால் அந்தக் குரல் ஒரு குழந்தை தண்ணீர் கேட்பதுபோல் இருந்தது. மறுநாள் அவர் ஒரு பலகையை எடுத்து, ‘கீல் பழுது’ என்று சீட்டு ஒட்டிக் கிடங்கில் வைத்தார். மேசையை இழுத்துச் சேர்த்தார். பட்டியலில் நாற்பத்தொன்று. தரையில் முப்பத்தேழு.

யாரும் அளந்து பார்க்கவில்லை. கண்ணாலேயே பார்த்தார்கள். மூன்றாமவர் கரண்டியைக் கீழே வைத்தார். நான்காமவர் மூன்றாமவரைப் பார்த்துவிட்டுத் தானும் வைத்தார். அப்படியே நாற்பது வரை கரண்டிகள் வரிசையாகக் கீழே இறங்கின. கீழ்க்கோடியில் சிரிப்பு நின்றது. சாப்பாடு முடியுமுன் ஏழு பேர் போன் பேச வெளியே போனார்கள்.

மறுநாள் பட்டியலில் முதலாமவருக்கு எதிரே இருபத்தொன்பது அடி என்று இருந்தது. தச்சர் மூன்று தரம் படித்தார். பொய்யாக ஒரு பலகையை எடுத்தவர் அவர். நிஜமாகவே இன்னும் இரண்டு பலகைகளை எடுக்க வேண்டியிருந்தது.

செயலாளரைத் தேடிப் போனார். ஒத்துக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

“ஐயா, நேத்து அளவுல ஒரு தப்பு...”

“தப்பா?” செயலாளர் எழுந்து கதவைச் சாத்தினார். “மேஸ்திரி, அறுபது வருஷமா இந்த மேசை தப்புப் பண்ணினதில்லை. நேத்து மேசை முப்பத்தேழு சொல்லுச்சு. பட்டியல் நாப்பத்தொண்ணு சொல்லுச்சு. இன்னிக்குப் பாருங்க, பட்டியல் இறங்கி வந்துடுச்சு. எது சரி? மனுஷன் கிட்ட உள்ளதை வச்சு நாற்காலி போடறதா வெளியில நினைக்கிறாங்க. இல்லை. நாற்காலியைப் பாத்துத்தான் மனுஷன் கிட்ட என்ன இருக்குன்னு எல்லாரும் முடிவு பண்றாங்க. போய்ப் பலகையை எடுங்க.”

மனைவியிடம் சொன்னார்.

“நாற்காலியை நகத்தினா பணம் போகுமா? நம்ம வீட்டுல ரெண்டு இருக்கே, நகத்திப் பாக்கட்டுமா, ஏதாவது வருதான்னு?” பிறகு கேட்டாள். “பேசிட்டாங்களா?”

“இன்னும் இல்லை.”

பத்தொன்பது அடிக்கு வந்தபோது இரண்டாமவர் இருமியது கேட்டது.

“மேஸ்திரி!” முதலாமவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “கேட்டீங்களா? அப்படியே அப்பா இருமற மாதிரி.”

தூரநோக்கி தேவைப்படவில்லை. அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தம்பியின் தலையில் முடி கொட்டியிருப்பதையும் இடது காதில் கருவி இருப்பதையும் வெறும் கண்ணால் பார்த்தார். அந்த வாரம் முழுக்க அண்ணன் தொண்டையைச் செருமினார். தம்பி தொண்டையைச் செருமினார். சமையற்காரர் இருவருக்கும் வெந்நீர் வைத்தார். முதல் வார்த்தை யாருடையது என்பதில் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்.

பதினோரு அடியில் இரண்டாமவர் நாற்காலியை லேசாகத் திருப்பினார். வாயைத் திறந்தார். தச்சர் கையில் ஆப்போடு அப்படியே நின்றார்.

அப்போது முதலாமவரின் ஆள் ஒருவன் வந்து குனிந்து காதில் ஏதோ சொன்னான். முதலாமவரின் துறைமுகம் ஒன்றைத் தம்பி அன்று காலை வாங்கியிருந்தார். அண்ணன் தளர்ந்துவிட்டார், கைவிட்டுப் போகுமுன் வீட்டு ஆளே வாங்கிவிடுவோம் என்று.

முதலாமவர் தூரநோக்கியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பதினோரு அடியில் அதற்கு எந்த வேலையும் இல்லை.

“பக்கத்துல உக்கார வரலை, மேஸ்திரி,” என்றார். “தாண்டிப் போற வழியில வந்திருக்கான்.”

பிறகு நடந்தவை தச்சருக்கு அங்குலங்களாக மட்டும் தெரிய வந்தன. மீதியைச் சமையற்காரர் சொன்னார். அண்ணன் துறைமுகத்தைத் திரும்ப வாங்கினார். தம்பி துறைமுகத்துக்குப் போகும் சாலையை வாங்கினார். அண்ணன் அந்தச் சாலைக்கு அனுமதி தரும் அமைச்சரை வாங்கினார். தம்பி அமைச்சரின் கட்சியை வாங்கப் போனார். அது ஏற்கெனவே அண்ணனுடையதாக இருந்தது. யாருக்கும் துறைமுகம் தேவைப்படவில்லை. அந்தப் பக்கம் கப்பல் வந்தே நாலு வருடமாகியிருந்தது.

தச்சர் பலகைகளை எடுத்தார், சேர்த்தார். ஒரு நாள் பதினான்கு. ஒரு நாள் ஆறு. ஆறடியில் இருவரும் ஒருவர் மெல்லுவதை ஒருவர் கேட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சாப்பிட்டார்கள். பிறகு ஐம்பது. எண்பது. ஒரு திங்கட்கிழமை தம்பியின் நாற்காலி ஐந்தாவது இடத்துக்குப் போனது. வியாழக்கிழமை பதினெட்டுக்கு. அடுத்த வாரம் கீழ்க்கோடியில், தோளோடு தோள் உரசும் இடத்தில் அவர் ஒரே ஒரு நாள் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவன் பழக்கதோஷத்தில் அவர் தட்டிலிருந்து எதையோ எடுத்துத் தின்றான். அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கோபமில்லை என்று சமையற்காரர் சத்தியம் செய்தார்.

மறுநாள் செயலாளர் சொன்னார். “அந்த நாற்காலியைக் கிடங்குல போடுங்க.”

ஒவ்வோர் உறுப்பினருக்கும் சொந்த நாற்காலி. பட்டியலை விட்டுப் போனால் அது கிடங்குக்குப் போகும். தச்சர் அதைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தபோது இரண்டாமவர், இப்போது எத்தனையாமவரும் இல்லாதவர், அங்கே வண்டி இல்லாமல் நின்றிருந்தார்.

“பதினோரு வருஷமா அதை முன்னால நகத்தத்தான் உழைச்சேன்,” என்றார். “நீங்க ஒத்தைக் கையால தூக்கிட்டுப் போறீங்க.”

தச்சர் நாற்காலியைக் கீழே வைத்தார். “ஐயா, முதல் பலகையை எடுத்தது நான்தான். பட்டியல்ல அப்படி இல்லை. உங்க அண்ணன் உங்க குரலைக் கேக்கணும்னு ஆசைப்பட்டார்.”

அவர் தச்சரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“நாலடிதானே? மிச்சத்தை நாங்களே பாத்துக்கிட்டோம்.”

புதிய இரண்டாமவர் இருநூற்றுப் பன்னிரண்டு அடிக்கு அப்பால் இருந்தார். கூடங்கள் போதவில்லை. வெளிச்சுவரை இடித்தார்கள். தோட்டத்தை மூடிக் கூரை போட்டார்கள். வழியில் தச்சரின் அறை இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். அவர் கட்டிலைக் கிடங்கில், நாற்காலிகளுக்கு நடுவில் போட்டுக்கொண்டார்.

அதற்கு ஒரு விழா நடந்தது. செயலாளர் பேசினார். “இன்று நம் முதலாமவரை யாராலும் நெருங்க முடியாது! அவருடைய குரல் நமக்குக் கேட்காது. நம்முடைய கைதட்டல் அவருக்குக் கேட்காது. ஒரு மனிதன் அடையக்கூடிய உயரம் இதுதான்!” எல்லோரும் கைதட்டினார்கள். அது கேட்கவில்லை என்பதை அறிவிக்க ஓர் ஆள் போய்வந்தான்.

முதலாமவர் கஞ்சியைக் குடிப்பதை விட்டுவிட்டார். தச்சர் டேப்போடு போனால் அளவு கேட்பதில்லை. அவர் முன்னால் தெரிந்தது மேசைதான். அது நீண்டு, மங்கி, எங்கோ முடிந்தது.

“தம்பி எங்க இருக்கான்?” என்று ஒரு நாள் கேட்டார். “சாப்பிடறானா?”

அன்று தச்சர் செயலாளர் முன்னால் போய் நின்றார். பட்டியலில் இல்லாத ஒருவரை ஓர் உறுப்பினர் சாப்பிடக் கூப்பிடலாமா?

“விருந்தாளியாவா? தாராளமா.” செயலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்லை.”

“எவ்வளவு தூரத்துல உக்கார வைக்கணும்?”

“விருந்தாளிக்குத் தூரமே கிடையாது, மேஸ்திரி. மடியில உக்கார வச்சாலும் சரி. ஒண்ணுமில்லாதவன் எவ்வளவு பக்கத்துல இருந்தா என்ன ஆபத்து?”

தச்சருக்குக் கண் கலங்கியது. இதை யாராவது ஒருவர் பதினோரு வருடம் முன்னால் படித்திருக்கலாம். கிடங்கிலிருந்து அந்த நாற்காலியை எடுத்துத் துடைத்தார். கைப்பிடியில் இருந்த பிசிரை உப்புத்தாளால் தேய்த்தார். மனைவி போன் செய்தபோது, “நாளைக்கு,” என்று மட்டும் சொன்னார். “பாத்து,” என்றாள் அவள். “நல்லாப் பக்கத்துல போடுங்க.”

அவர் டேப்பைத் தொடவில்லை. முழங்கை இடிக்காமல் இருந்தால் போதும் என்று கண்ணளவில் போட்டார்.

முதலாமவர் கொடுத்தனுப்பிய அழைப்போடு தம்பி பேருந்தில் வந்தார். சட்டையின் கையை மடித்துவிட்டிருந்தார். முன்னைவிட மெலிந்திருந்தாலும் நன்றாகத் தூங்கியவர்போல் இருந்தார். நாற்காலியைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். உட்கார்ந்தார். முதலாமவர் எழ முயன்று, அங்கே எழுந்திருக்கும் வழக்கம் இல்லாததால், பாதியில் உட்கார்ந்தார்.

இருவரும் சாப்பிட்டார்கள். கஞ்சி சூடாக இருந்தது. சமையற்காரர் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு அடியையும் ஓடியே வந்திருந்தார். தம்பி குழம்பில் உப்புப் போதாமல் சுற்றிலும் பார்த்தார். முதலாமவர் தன் உப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். கொஞ்சம் சிந்தியது. யாரும் போன் பேச வெளியே போகவில்லை. பார்க்க யாரும் இல்லை.

தம்பி இனிப்பை எடுத்தார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் தானும் எடுத்தார்.

முதலாமவர் கையைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். தம்பியின் பக்கம் முழுக்கத் திரும்பினார். தச்சர் அவர்களுக்கு இடம் விட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். பதினோரு வருடம்.

“அம்மா கடைசியா இருந்தாங்களே, அந்த ஓட்டு வீடு,” என்றார் முதலாமவர். “அது இன்னும் உன் பேர்லதானேடா இருக்கு?”